திரைப்படமும் சின்னத்திரையும்: ஒரு ரஸிகனின் மதிப்பீடு

கலைகளுள் மிகப் பெரும்பான்மையான மக்களைச் சென்றடைவது எதுவோ, அதைப் பற்றிய நிதானமான விமரிசனமே நம்மிடையே மிகவும் குறைவாக இருக்கிறது. சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிறவர் ராகம், தாளம், பாவம் என்னும் அளவைகளை வைத்துக்கொண்டு பேசுகிறார். கவிதையைப் பற்றிப் பேசுகிறவருக்கு யாப்பும் அணியும் மெய்ப்பாடும் துணைக்கு வருகின்றன. ஆனால் 1931-ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளியானது முதல் பேசும் படத்தையும், 1975-ஆம் ஆண்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது முதல் சின்னத்திரையையும் இடைவிடாது பார்த்து வந்திருக்கும் தமிழ் மக்கள், தாம் பார்த்த அனைத்தையும் 'நன்றாக இருந்தது', 'நன்றாக இல்லை' என்னும் இரண்டு தீர்ப்புகளுக்குள் அடக்கிவிட்டு, அந்தத் தீர்ப்புக்குக் காரணம் யாது என்று தம்மையே கேட்டுக்கொள்வதற்கு முன்பாக அடுத்த படத்திற்குச் சென்றுவிடுகிறார்கள்.

அந்தக் காரணத்தைத் தேடும் பிரயத்தனமே இக்கட்டுரை. இதில் வரும் அபிப்பிராயங்கள் ஒரு தனி ரஸிகனுடையவை. அவற்றுக்குச் சாஸ்திர பலமோ தொழில் அநுபவமோ கிடையாது. ஆயினும், கண்ட படங்களையும் தொடர்களையும் ஒருவன் ஒரே அளவுகோலைக் கொண்டு, அபிமானமும் துவேஷமும் குறுக்கிடாமல் அளந்து பார்ப்பானாகில், அவனுடைய முடிவுகளோடு மாறுபடுகிறவர்களுக்குங்கூட அந்த அளவுகோல் பயன்படக் கூடும் என்பது என் நம்பிக்கை.

வழக்கில் உள்ள அளவுகோல்கள்

நம் நாட்டில் ஒரு படத்தின் தரத்தை நிர்ணயிக்கப் பொதுவாக வழங்கி வரும் அளவுகோல்கள் நான்கு. அவற்றுள் முதலாவது, படம் ஓடிய நாட்களும் ஈட்டிய பொருளும். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944-ஆம் ஆண்டுத் தீபாவளியில் வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது இன்றளவும் பெருமையோடு சொல்லப்படுகிறது. அந்தப் படத்தின் இசையைக் கேட்டவர்கள் அந்தப் பெருமையை மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் 2003-ஆம் ஆண்டில் வெளியான 'அன்பே சிவம்' திரையரங்குகளில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறாமல் ஒதுங்கிப் போய், பின்னர்த் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பெற்று, வீடுதோறும் ரஸிகர்களைச் சம்பாதித்துக்கொண்டது. படம் ஒன்றே, பார்த்த மக்களும் ஏறக்குறைய அவர்களே. வசூல் என்பது ஒரு குறிப்பிட்ட வாரத்தின் செய்தியைச் சொல்லுமேயன்றிப் படத்தின் குணத்தைச் சொல்லாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது அளவுகோல் நடிகரிடத்தில் வைக்கும் அபிமானம். தமிழ்நாடு ஒரு காலத்தில் எம். ஜி. ஆர். ரஸிகர், சிவாஜி ரஸிகர் என்று இரண்டாகப் பிரிந்து நின்றதையும், அந்தப் பிரிவினை பெயர்கள் மட்டும் மாறி இன்றும் தொடர்வதையும் யாவரும் அறிவர். அபிமானம் மனிதனுக்கு இயல்பானது. அதைக் குறை கூறுவதில் அர்த்தமில்லை. ஆனால் அபிமானி ஒருவன் தன் நாயகனைப் பார்க்கப் போகிறானேயன்றிப் படத்தைப் பார்க்கப் போவதில்லையாதலால், படத்தைப் பற்றிய அவனுடைய சாட்சியம் செல்லாது.

மூன்றாவது, படம் எடுத்துரைக்கும் கருத்து. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாக பூமி' 1939-இல் வெளியாகி, ஆங்கில அரசாங்கத்தால் தடை செய்யப்பட்டது. கருத்துக்கு அஞ்சும் அரசாங்கம் ஒன்று இருந்தது என்பதே அந்தப் படத்தின் சரித்திர முக்கியத்துவத்திற்குப் போதுமான அத்தாட்சி. எனினும், உத்தமமான கருத்து ஒன்றைச் சொல்லிவிட்ட காரணத்தினாலேயே ஒரு படம் உத்தமமான கலையாகிவிடுமானால், நீதி வாக்கியங்களை எழுதித் தொங்கவிட்ட சுவரும் கலைக்கூடமாகிவிடும். நான்காவது, தொழில்நுட்பம். எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' 1948-இல் காட்டிய முரசு நடனம் இன்று பார்த்தாலும் பிரமிப்பைத் தருகிறது. ஆனால் அந்தப் பிரமிப்பு அக்காட்சியோடு நின்றுவிட, கதையின் மற்றப் பகுதிகள் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன. தொழில்நுட்பம் ஆண்டுக்கு ஆண்டு தன்னைத் தானே மிஞ்சிக்கொண்டு போகும் இயல்புடையது. நேற்றைய அதிசயம் இன்றைய சாமானியம்.

நான் கைக்கொள்ளும் அளவுகோல்

இவற்றை விடுத்து நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: ஒரு படைப்பு தன்னைப் பார்க்கிறவரின் புத்தியையும் இருதயத்தையும் எவ்வளவு தூரம் நம்புகிறது என்பது. சொல்லாமல் விட்ட இடத்தைப் பார்ப்பவர் தாமே நிரப்பிக்கொள்வார் என்ற விசுவாசம் படைப்பாளியிடத்தில் இருக்குமானால், அவர் காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார். அந்த விசுவாசம் இல்லையேல், காட்டியதையே வாயால் சொல்லி, சொன்னதையே வாத்தியத்தால் வலியுறுத்தி, வலியுறுத்தியதையே இன்னொரு பாத்திரத்தைக் கொண்டு விளக்குவார். விருந்துக்கு வந்தவருக்கு இலை போட்டுப் பரிமாறுவது உபசாரம். கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டிவிடுவது அவரைக் குழந்தையாக்கிவிடுவது.

இந்த அளவுகோல் புதியதன்று. உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியர் காலத்திலிருந்தே நம் கவிதை மரபு போற்றி வந்திருப்பதும், வடமொழியில் ஆனந்தவர்த்தனர் த்வனி என்று நிலைநாட்டியதும் இந்த விசுவாசத்தையே ஆதாரமாகக் கொண்டவை. குறிப்பால் உணரும் வாசகன் ஒருவன் உண்டு என்று நம்பாத கவிஞன் குறிப்பாக எதையும் சொல்ல முற்பட மாட்டான். ஏடுகளில் இருந்த அந்த நம்பிக்கை திரைக்கு வந்து சேர்ந்ததா என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.

1952 முதல் 1968 வரை

'பராசக்தி'யை (1952) முதலில் எடுத்துக்கொள்வது அவசியம். ஏனெனில் என் அளவுகோலுக்கு நேர் விரோதமானதுபோல் தோன்றும் படம் அது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய அந்தப் படத்தில் சொல்லாமல் விடப்பட்டது எதுவுமே இல்லை; நீதிமன்றக் காட்சியில் கதாநாயகன் தன் வாழ்க்கை முழுவதையும் வாதமாக எடுத்து உரைக்கிறான். ஆயினும் அது பார்வையாளரை அவமதிக்கவில்லை என்பதே என் முடிவு. அடுக்கு மொழியும் எதிர்மறையும் உவமையும் நிறைந்த அந்தத் தமிழை, எழுத்தறியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு சபை, கேட்ட மாத்திரத்தில் கிரகித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. கிரகித்துக்கொண்டதற்கு, அந்த வசனங்களை ஊர் ஊராக மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களே சாட்சி. நம்பிக்கை மௌனத்தில் மட்டுந்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாக்கிலும் இருக்கலாம்.

இரண்டே ஆண்டுகளுக்குப் பின் அதே சிவாஜி கணேசன் நடிக்க, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) வெளியாயிற்று. 1943-இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய காலத்தைப் பின்னணியாகக் கொண்ட அந்தக் கதையில், படம் தொடங்கியதும் கதாநாயகன் சுடப்பட்டு இறக்கிறான். கொன்றவர் யார் என்பதைப் பல வாய்களிலிருந்து வரும் பலவிதமான வரலாறுகளைக் கொண்டு பார்ப்பவரே ஊகித்துக்கொண்டு போக வேண்டும். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' அளித்த தூண்டுதல் அதில் தெரிகிறதாயினும், பாட்டு ஒன்றுகூட இல்லாமல், நடனமும் சண்டையும் இல்லாமல், ஏ. வி. எம். நிறுவனம் அக்காலத்தில் அப்படி ஒரு படத்தைத் தயாரிக்கத் துணிந்தது நம் திரை வரலாற்றின் பெருமிதமான செயல்களுள் ஒன்று. தேசத் துரோகியாகிவிட்ட அறிவாளி ஒருவனை வெறுப்பதா, அவனுக்காக வருந்துவதா என்னும் சங்கடத்தில் நம்மை நிறுத்திவிட்டு, அந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைக்காமலே முடியும் மன உறுதி அந்தப் படத்துக்கு இருந்தது.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) கதை அனைத்தையும் ஏறக்குறைய ஓர் ஆஸ்பத்திரியின் நான்கு சுவர்களுக்குள் நடத்தி, இட மாற்றம் இல்லாமலேயே மன மாற்றங்களைக் காட்டியது. தியாகத்தைச் சற்று அதிகமாக அலங்கரித்துவிட்டது என்பது அதில் நான் காணும் குறை. அவரே இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யிலோ, குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நாகேஷ் தாம் எடுக்கப் போகும் பயங்கரப் படத்தின் கதையை டி. எஸ். பாலையாவிடம் சொல்லும் காட்சியில், பேயும் இல்லை, இருட்டு மாளிகையும் இல்லை. ஒருவருடைய குரலும் கையசைவும், மற்றவருடைய முகமும் மட்டுமே உள்ளன. அந்தப் பேய்க் கதையை மனக்கண்ணில் எடுத்துக்கொள்கிறவர்கள் பார்வையாளர்களே. ஹாஸ்யத்தில் நம்பிக்கை எவ்வாறு செயற்படும் என்பதற்கு இதைக் காட்டிலும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

புராணப் படங்களை அறிவாளிகள் அலட்சியம் செய்வதுண்டு. ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965), கதை முன்பே தெரிந்த சபைக்காக எடுக்கப்பட்டது. அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவலை அது நம்பியிருக்கவில்லை, நம் நினைவை நம்பியிருந்தது. பொற்கிழி கிடைக்காத தருமி கோயிலில் நின்று புலம்பும் இடத்தில், அவனுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் யார் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஸ்வாரஸ்யம் அனைத்தும் விளைகிறது. கொத்தமங்கலம் சுப்புவின் நவீனத்தை அதே இயக்குநர் திரைக்குக் கொண்டுவந்த 'தில்லானா மோகனாம்பாள்' (1968), எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தைக் குறுக்காமல் கேட்கச் செய்தது. பாமர ரஸிகர்களும் ராக ஆலாபனையைப் பொறுமையோடு கேட்பார்கள் என்று அவர் கருதியது வீண் போகவில்லை.

1974 முதல் 1990 வரை

இந்தக் கட்டத்தில் தமிழ்ப் படம் கற்றுக்கொண்டது மௌனத்தின் வலிமையை. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படப்பிடிப்பு அரங்குகளை விட்டு வெளியே வந்து, கதாநாயகி மயில் சப்பாணிக்காக ரயில் நிலையத்தில் காத்திருக்கும் நிலையிலேயே கதையை முடித்தது. சப்பாணி திரும்பி வந்தானா என்பதைத் திரையரங்கை விட்டு வெளியேறியவர்கள்தாம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் ருத்ரய்யா எடுத்த 'அவள் அப்படித்தான்', மனம் கசந்த ஒரு பெண்ணைத் திருத்தி நல்வழிப்படுத்தாமல், அவள் இருந்தபடியே நம் முன் நிறுத்தியது.

கே. பாலசந்தர் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் உண்டு. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் உழைப்பையும் கோபத்தையும் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) காட்டிய அளவுக்கு அதற்கு முன் வேறெந்தப் படமும் காட்டவில்லை. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து பிறந்த 'தண்ணீர் தண்ணீர்' (1981) ஓர் ஊரின் தாகத்தைத் தேசத்தின் வழக்காக மாற்றியது. ஆனால் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் ரஜினிகாந்த் தோன்றும் வேளையில் 'சுருதி பேதம்' என்ற எழுத்துக்களைத் திரையில் காட்டியதுபோல், தாம் செய்த அழகிய குறிப்பு ஒன்றை நாம் கவனியாமல் விட்டுவிடுவோமோ என்ற கவலை அவரை அடிக்கடி பற்றிக்கொண்டது. அந்தக் கவலை அவசியமற்றது. அவர் தயார் செய்த ரஸிகர்கள் அவரை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்க'ளும் (1979) பாலு மகேந்திராவின் 'வீடு'ம் (1988) என் மதிப்பில் தமிழ்த் திரையின் சிகரங்கள். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு மகேந்திரன் உண்டாக்கிய உலகத்தில், கொடியவனான சுந்தரவடிவேலு குரலை உயர்த்துவதில்லை. அவனுடைய குரூரம் அடக்கமான பேச்சிலும் சுத்தமான உடையிலும் இருக்கிறது. இறுதியில் ஊரார் அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்துகையில், நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டதே நான் செய்த பெரும் பிழை என்ற கருத்துப்பட அவன் பேசிவிட்டுச் செல்வது, தண்டனையைப் பார்த்துத் திருப்தியடையச் சித்தமாக இருந்த நம்மையும் குற்றவாளிகளின் வரிசையில் சேர்த்துவிடுகிறது.

'வீடு' படத்தில் வில்லன் என்று சுட்டிக்காட்ட ஒருவருமில்லை. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிர்ப்பந்தத்தில் சொந்தமாகச் சிறு வீடு கட்டத் துணியும் சுதா, அநுமதி, கடன், சிமெண்டு, ஒப்பந்தக்காரரின் மோசடி என்று ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறாள். பாட்டு இல்லை, இளையராஜா வேறொரு சந்தர்ப்பத்திற்காகச் செய்த இசைத் தொகுதியிலிருந்து எடுத்த பகுதிகளே பின்னணியாக ஒலிக்கின்றன. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தாவின் பாத்திரம், அரைகுறையாக எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியே வந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுச் சுற்றி வரும் காட்சியில் அவர் என்ன நினைக்கிறார் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வாடகை வீட்டில் ஆயுளைக் கழித்த எந்தக் குடும்பத்திற்கும் சொல்ல வேண்டியதுமில்லை. அர்ச்சனாவுக்கு அந்தப் படம் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது நியாயமான கௌரவம். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987), தாங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும் கேள்விக்கு வேலு நாயக்கரையே தெரியவில்லை என்று சொல்ல வைத்ததும் இதே வகையைச் சேர்ந்த துணிவு.

அண்மைக் காலம்

சமீப காலப் படங்களைக் குறித்துப் பொதுவாகச் சொல்லப்படும் மனக்குறையில் நான் பங்குகொள்வதில்லை. மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015), ரயில் பாதையோரம் நிலக்கரி பொறுக்கும் இரண்டு சிறுவர்களின் பீட்ஸா ஆசையை வைத்துக்கொண்டு, வறுமையைப் பற்றி ஒரு சொற்பொழிவும் செய்யாமல் ஒரு நகரத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் காட்டிவிட்டது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018), சாதியின் கொடுமையை முழு உக்கிரத்தோடு காட்டிய பின்பு, மேஜை மேல் இருக்கும் இரண்டு கண்ணாடித் தம்ளர்களையும் அவற்றுக்கு நடுவே கிடக்கும் ஒரு பூவையும் காட்டி முடிகிறது. அது சமாதானமா, சமாதானத்தின் ஆரம்பமா, அல்லது எட்ட முடியாத தூரமா என்பதை நம் பொறுப்பில் விட்டுவிடுகிறது. ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021-இல் புலி விருது பெற்ற வினோத்ராஜின் 'கூழாங்கல்', குடிகாரத் தந்தையும் மகனும் கொளுத்தும் வெயிலில் நடப்பதையே கதையாக்கிற்று.

வெற்றிமாறனின் 'விசாரணை'யையும் (2016) ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021) படத்தையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. காவல் நிலையத்துக்குள் ஏழைகள் படும் சித்திரவதையே இரண்டுக்கும் பொருள். இரண்டும் உண்மைச் சம்பவங்களை ஆதாரமாகக் கொண்டவை. 'ஜெய் பீம்' காப்பாற்றும் வழக்கறிஞர் ஒருவரைத் தருகிறது. நியாயம் கிடைக்கும்போது நாமும் நிம்மதியாக எழுந்து செல்கிறோம். லிஜோமோல் ஜோஸ் ஏற்ற செங்கேணியின் பாத்திரம் மறக்க முடியாதது. அவள் அழாமல் நிற்கும் இடங்களே படத்தின் உச்சங்கள். அவ்விடங்களில் இசை இன்னும் சற்று ஒதுங்கியிருக்கலாம். 'விசாரணை' அந்த நிம்மதியைத் தர மறுக்கிறது. அநியாயத்தைக் கண்டவர்கள் அதன் கனத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்பட்டும் என்று விடுகிறது. இரண்டும் வேண்டும், ஆனால் நம்மை அதிகமாக நம்பியது 'விசாரணை'யே.

தொலைக்காட்சி: வாரம் ஒருமுறை வந்த காலம்

சென்னைத் தொலைக்காட்சியின் ஆரம்ப காலத்தில், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்காகவும் ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்துக்காகவும் அண்டை அயலார் ஒரே வீட்டில் கூடினார்கள். தேர்ந்தெடுக்க வேறெதுவும் இல்லாத காலமாதலால் அக்கால நிகழ்ச்சிகளைப் பற்றிய நம் இனிய நினைவுகளில் பாதி, அந்தக் கூட்டத்தைப் பற்றிய நினைவே. அதைக் கழித்துவிட்டே நிகழ்ச்சிகளை மதிப்பிட வேண்டும். அவ்வாறு கழித்த பின்பும் நிலைத்து நிற்பவை சில உண்டு. ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்கி, எல். வைத்தியநாதன் இசையமைத்த 'மால்குடி டேஸ்', சிறிய மனிதர்களின் சிறிய ஆசைகளைச் சிறிய அளவிலேயே காட்டிய அபூர்வமான தொடர்.

ராமானந்த் ஸாகரின் 'ராமாயண்' (1987–88), பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' (1988–90) ஆகிய இரண்டும் ஹிந்தியில் வந்தன. ஹிந்தி அறியாத தமிழ் வீடுகளிலும் ஞாயிறு காலையில் வேலைகள் நின்றன. கதை தெரிந்திருந்ததால் மொழி தடையாகவில்லை. எனினும் இவ்விரண்டும் சமமானவை என்று நான் கருதவில்லை. 'ராமாயண்' பக்தியை எதிர்பார்த்தது. அதனால் ஒவ்வொரு புன்னகையையும் நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. ராஹி மாஸூம் ரஸா வசனம் எழுதிய 'மகாபாரத்'தோ, காலத்தையே கதை சொல்லியாக்கி, கர்ணனிடத்திலும் பீஷ்மரிடத்திலும் தர்மம் எங்கே தவறிற்று என்ற விவாதத்தை நம் வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தது. பக்தியை வேண்டிய தொடரைவிட விவாதத்தை வேண்டிய தொடரே ரஸிகரை உயர்வாக மதித்தது என்பேன்.

தனியார் அலைவரிசைகள் வந்த பின், வாரத் தொடர்களுள் என் மதிப்பில் முதலிடம் பெறுவது, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்', அதிலும் 'விடாது கருப்பு'. கிராமத்துக் காவல் தெய்வத்தின் நீதியா, மனித மனத்தின் விகாரமா என்னும் இரண்டு விளக்கங்களையும் இறுதி வரை சம பலத்தோடு நடத்திச் சென்று, இடையில் வந்த ஒவ்வொரு வாரத்தையும் பார்ப்பவரின் ஊகத்துக்கென்றே விட்டுவைத்தது. ஒரு வார இடைவெளி என்பது அந்தத் தொடருக்குக் குறையாக இராமல், கலையின் ஒரு பகுதியாகவே அமைந்துவிட்டது.

நாள்தோறும் வரும் தொடர்கள்

நெடுந்தொடர்களைப் படித்தவர்கள் பரிகசிப்பது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. ஒரே வசனத்தை மூன்று முறை சொல்வதும், பாத்திரங்கள் ஒருவரையொருவர் அடிக்கடி பெயர் சொல்லி அழைப்பதும், அதிர்ச்சியான வார்த்தை ஒன்று விழுந்ததும் வாத்தியங்கள் முழங்குவதும் காரணமின்றி வந்தவையல்ல. இத்தொடர்கள் பெரும்பாலும் சமையற்கட்டிலிருந்தும், துணி மடித்துக்கொண்டும், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டும் காதால் கேட்கப்படுபவை. ஒருநாள் விட்டுப் போனவரும் மறுநாள் கதையைத் தொடர வேண்டும். வானொலி நாடகத்தின் இலக்கணத்தை இவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வேலை ஓயாத பெண்களுக்கு அவர்கள் வேலைக்கு இடையூறில்லாமல் கதை சொல்ல ஓர் உபாயம் கண்டுபிடிக்கப்பட்டதென்றால், அதற்காக அவர்களையோ அந்த உபாயத்தையோ இகழ்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

ராதிகா நடித்த 'சித்தி' (1999–2001), இரவின் ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் குடும்பங்களின் பொது நேரமாக ஆக்கியது. திருமுருகனின் 'மெட்டி ஒலி' (2002–2005) அந்த வகையின் சிறந்த உதாரணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் அவர்களை ஒவ்வொருவராக மணம் செய்து அனுப்புவதும், சம்பந்தி வீட்டாரின் மனத்தாங்கல்களும், சீர்வரிசையின் கணக்குகளுமே அதன் கதை. அசாதாரணமாக எதுவும் நடவாத அந்தத் தொடரைப் பார்த்தவர்கள், தம் குடும்பத்தின் அநுபவத்தைக் கொண்டு ஒவ்வொரு பார்வைக்கும் பொருள் கண்டுகொண்டார்கள். திருச்செல்வத்தின் 'கோலங்கள்' (2003–2009), உழைத்து முன்னேறும் அபி என்ற பெண்ணை மையமாக வைத்து நன்றாகத் தொடங்கி, வில்லனான ஆதித்யாவின் பழிவாங்கும் படலங்களில் தன் பலத்தைச் செலவழித்துவிட்டது. அதன் பாதி நீளமே அதற்குப் போதுமானது. அவரே பின்னர் அளித்த 'எதிர்நீச்சல்' (2022–2024), ஆணாதிக்கம் நிறைந்த கூட்டுக் குடும்பம் ஒன்றின் மருமகள்களைக் கதாநாயகிகளாக்கியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த அதிகார மனப்பான்மையை நமக்குத் தெரிந்த ஒருவரைப் போலவே தத்ரூபமாகக் காட்டினார். 2023 செப்டம்பரில் அவர் காலமானது அந்தத் தொடருக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு.

இவ்வகைத் தொடர்களின் உண்மையான குறை திரும்பச் சொல்வதில் இல்லை. முடிவைப் பற்றிய நிச்சயம் இல்லாமல் கதை தொடங்கப்படுவதில் இருக்கிறது. வாரந்தோறும் வெளியாகும் பார்வையாளர் கணக்கே ஒரு தொடரின் ஆயுளை நிர்ணயிக்கிறது. கணக்கு உயர்ந்தால் கதை நீள வேண்டும். நீள வேண்டுமானால், தெளிந்த உண்மை மறுபடியும் மறைக்கப்பட வேண்டும், திருந்தியவர் மறுபடியும் கெட வேண்டும், வென்றவள் மறுபடியும் தோற்க வேண்டும். எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று ஆசிரியருக்கே தெரியாத பயணத்தில், சிறு குறிப்பு ஒன்றை இன்று விதைத்து ஆறு மாதம் கழித்து அறுவடை செய்ய வழியில்லை. பார்வையாளரின் நினைவாற்றலை நம்புவதற்கு அங்கே சந்தர்ப்பமே ஏற்படுவதில்லை.

உரையாடல், போட்டி, இணையத் தொடர்

2006 முதல் நடந்து வரும் 'நீயா நானா', இரு தரப்பினரை எதிரெதிரே அமர்த்திச் சாமானிய மனிதர்களைத் தம் வாழ்க்கையைப் பற்றியே பேச வைத்தது. இதற்காகத் தமிழ்த் தொலைக்காட்சி அதற்குக் கடமைப்பட்டிருக்கிறது. மாமியாரும் மருமகளும், பெற்றோரும் பிள்ளைகளும் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்லும் தருணங்கள் எந்த நாடகத்துக்கும் குறைந்தவையல்ல. ஆனால் ஒருவர் கண் கலங்கிய மாத்திரத்தில் சோக இசையைச் சேர்த்துவிடும் வழக்கம் அந்த உண்மையின் மதிப்பைக் குறைக்கிறது. 2017-இல் தமிழுக்கு வந்த 'பிக் பாஸ்', வாக்களிக்கும் அதிகாரத்தை மக்களுக்குக் கொடுப்பதால் அவர்களை மிகவும் நம்புவதுபோல் தோன்றும். ஒரு நாள் முழுவதும் நடந்ததைச் சிறிது நேரத்துக்குள் சுருக்கித் தருகிறவர் எதைக் காட்டுகிறாரோ அதைக் கொண்டே நாம் வாக்களிக்கிறோம் என்பதை எண்ணினால், அந்த அதிகாரத்தின் அளவு விளங்கும்.

இணையத் தொடர்களுக்கு வந்தால், புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்' (2022), எட்டு அத்தியாயங்களில், மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களையே கதையின் எலும்புக்கூடாகக் கொண்டு நடந்தது. நம் சந்தேகம் ஒவ்வொருவர்மேலும் மாறி மாறி விழும்படி செய்து, அந்தச் சந்தேகங்களுக்குக் காரணமான நம் முன்முடிவுகளையும் நமக்குக் காட்டியது. அதே ஆண்டின் 'வதந்தி', கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பலரும் பலவாறு சொல்லும் கதைகளை அடுக்கிச் சென்றபோது, 1954-இன் 'அந்த நாள்' எனக்கு நினைவு வந்தது. எஸ். பாலசந்தர் தமிழில் தொடங்கி வைத்த உத்தி இவ்வளவு காலம் கழித்துச் சின்னத்திரையில் வாரிசு பெற்றிருக்கிறது. முடிவு நிச்சயமானபின் எழுதப்படுவதே இத்தொடர்களின் பெரும் பலம். நெடுந்தொடர்கள் இவற்றிலிருந்து கற்க வேண்டிய பாடமும் அதுவே.

முடிவு

மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம், நுட்பமாகச் செய்தால் அவர்களுக்குப் புரியாது என்பது படம் எடுப்பவர்களும் தொடர் எடுப்பவர்களும் நெடுங்காலமாகக் கூறி வரும் சமாதானம். இந்தக் கட்டுரையில் கண்ட உதாரணங்கள் அதை ஏற்கவில்லை. 'காதலிக்க நேரமில்லை', 'தில்லானா மோகனாம்பாள்', '16 வயதினிலே', 'நாயகன்', 'மெட்டி ஒலி', 'காக்கா முட்டை' ஆகிய அனைத்தும் பார்ப்பவரை நம்பியவை. அனைத்தையும் மக்கள் பெருந்திரளாக ஆதரித்தார்கள். நம்பிக்கை வைத்தவர்களைத் தமிழ் ரஸிகர்கள் பெரும்பாலும் ஏமாற்றியதில்லை. ஒருசில படங்களைத் தாமதமாகக் கண்டுகொண்டார்கள் என்பது மட்டுமே அவர்கள்மேல் சாட்டத் தக்க குற்றம்.

ஆகவே படைப்பாளிகளிடம் என் வேண்டுகோள், முடிவைத் தீர்மானித்த பின்பே கதையைத் தொடங்குங்கள், காட்டியதைச் சொல்லாதீர்கள் என்பது. பார்க்கிறவர்களிடம் என் வேண்டுகோள் அதைவிடச் சிறியது: ஒரு படமோ தொடரோ முடிந்ததும், இது நமக்கென்று எதையாவது விட்டுவைத்ததா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், விட்டுவைத்தவற்றைப் பிறருக்குச் சொல்லுங்கள், விட்டுவைக்காதவற்றுக்கு உங்கள் மாலைப்பொழுதைக் கொடுக்காதீர்கள்.